கல்லறையில் காராச்சேவு

இந்த மாதமும் கல்லறையின் மேல் காராச்சேவு இருந்தது.

வாழையிலைத் துண்டில் குவித்து வைத்திருந்தார்கள். எறும்புகள் தின்றது போக மிச்சம்தான். பக்கத்தில் ஒரு வெற்றிலை வாடிச் சுருண்டு கிடந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வந்து நின்ற இசைவாணி, சிலுவையில் கறுப்புப் பெயின்ட்டால் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். செழியன். அவள் கணவன். அவனுக்குக் காராச்சேவு ஆகவே ஆகாது. ஒரு வாய் தின்றாலும் நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடாக் கடைக்கு ஓடுவான்.

இலையைச் சுருட்டி வேலிக்கு அப்பால் எறிந்தாள். போன மாதமும் எறிந்தாள். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தபோது, போன மாதத்தைப் போலவே இப்போதும் அமாவாசை முடிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அமாவாசைக்குப் படையல் வைக்கிறவர்கள் அவர்கள் சபையில் யாரும் கிடையாது.

ஆமத்தூரை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். காலையில் சிவகாசிக்கு பஸ் ஏறி, அச்சாபீசில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடுவாள். திரும்பிய பிறகு வருகிற அந்த ஒரு நாழிகைதான் அவளுக்குப் பயம்.

செழியன் உயிரோடு இருந்தபோது அவளுக்குப் பிடித்த நேரமும் அதுதான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவனுக்கு வேலை. அலுமினியத் தூள் தலைமுடி, புருவம், காது மடல் என்று ஒட்டிக்கொண்டு, வெள்ளியில் வார்த்த சிலை மாதிரி வந்து இறங்குவான். அந்தக் கோலத்தில் யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வாணி, தண்ணி," என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பான். அவள் வேண்டுமென்றே மெதுவாக வருவாள். குனிந்து நிற்கிறவன் தலையில் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, அடுத்த செம்புக்குக் காக்க வைப்பாள். அவன் ஒரு கை தண்ணீரை அள்ளி அவள் மேல் அடிப்பான். எதிர் வீட்டுக்காரி, "கட்டி இம்புட்டு வருசமாச்சு, இன்னும் கூத்தப் பாரு," என்று முனகுவாள். வெள்ளி எல்லாம் ஓடையில் வழிந்த பிறகு, அடியிலிருந்து அவளுடைய கறுத்த செழியன் வெளியே வருவான். அப்புறம்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பான்.

இப்போதும் அந்த நேரத்துக்கு யாரோ தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

அடுப்படியில் இருப்பாள். வாசல் பக்கம் வெளிச்சம் ஒரு ஆள் அகலத்துக்குக் குறையும். எட்டிப் பார்த்தால் கதவுச் சந்தில் ஒரு தோள்பட்டை, சாம்பல் வெள்ளியாகத் தெரியும். எழுந்து வெளியே வந்தால் தொட்டியும் செம்பும்தான் இருக்கும். திரும்பி உள்ளே போனால் மறுபடியும் நிற்கும். அது எதுவும் செய்வதில்லை. தண்ணீர் கேட்பதில்லை. அவள் பெயரைச் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் அவளை அதிகமாக வாட்டியது. செழியன் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கத் தெரியாதவன்.

ஒருநாள் அவள் இதைப் பாஸ்டர் ஞானமுத்துவிடம் சொன்னாள். நல்ல மனிதர். கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டே ஊழியத்துக்கு வந்தவர். செழியனை அடக்கம் செய்த அன்று, தன் பழைய தொழிலிலிருந்தே எடுத்துத்தான் பேசினார். "இந்த உடம்பு டெண்ட்டும்மா. வேலை நடக்குற எடத்துல கட்டிக்கிருவோம், வேலை முடிஞ்சா அவுத்துருவோம். அங்கன போனா சொந்த வீடு. என்னைய மாதிரி கொத்தனார் கை படாத வீடு. ஒரு வீடா ரெண்டு வீடா, எம்புட்டுப் பேர் போனாலும் எடம் இருக்கு. உடம்பும் புதுசு. மருந்து ஒட்டாத உடம்பு, வெடிச்சுச் செதறாத உடம்பு." அன்று அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் இசைவாணி எழுந்து நின்றாள்.

இப்போது அவர் நெற்றியைச் சுருக்கினார். "வீடு கெடச்சவன் உன் வாசல்ல வந்து ஏன் நிக்கப் போறான்? அது ஏமாத்துற ஆவி. ஜெபம் பண்ணு."

ஜெபம் பண்ணினாள். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. வீடு கிடைத்தவன் ஏன் வாசலில் நிற்கிறான்? அப்படியானால் கிடைக்கவில்லையா?

காராச்சேவு வைப்பது மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அடுத்த தெருவுக்குப் போனாள். ராக்காயி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கல்லறைத் தோட்டத்துக்குப் போனீகளா?"

"நான் எதுக்கு அங்கன போறேன்? போனா ஒங்க பாஸ்டர் என்னையும் தண்ணிக்குள்ள முக்கி எடுத்துருவாரு. எனக்குச் சளி சேராது."

"அமாவாசைக்கு அமாவாசை அவர் கல்லறையில படையல் இருக்கு. காராச்சேவு."

ராக்காயி கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏ பிள்ள, எம்மகனுக்கு எது சேரும், எது சேராதுன்னு எனக்குத் தெரியாதா? நான் வச்சா அதிரசம்ல வப்பேன். எவனோ கடைச் சேவக் கொண்டு வந்து வைக்கான்னா என்னையக் கேக்குற."

"எனக்குத் தெரியாம நீங்க எதுவும் செஞ்சதே இல்லையா?"

கோபத்தில் கேட்டதுதான். ஞானஸ்நான விஷயத்தில் இரண்டு பேருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. இசைவாணி பிறந்ததிலிருந்தே சபைப் பிள்ளை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே காதலித்தவன் செழியன். முதலில் அவளுக்காகச் சபைக்கு வந்தான், பிறகு தனக்காக வந்தான். கண்மாய்த் தண்ணீரில் முழுகி எழுந்த அன்று, இடுப்பிலிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றைப் பாஸ்டர் அறுத்தார். இனி எந்தக் கட்டும் வேண்டாம் என்றார். கரையில் நின்ற ராக்காயி மண்ணை வாரித் தூற்றினாள். "செத்தவனுக்குத்தான் அரைஞாணை அறுப்பாக. எம்மகன் உசுரோட நிக்கான், அறுக்குறீகளே," என்று அவள் அழுத அழுகை கண்மாய் முழுக்கக் கேட்டது. செழியன் மட்டும் இடுப்பைத் தடவிக்கொண்டு, "என்னமோ துணி இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு வாணி," என்று காதோடு சொல்லிச் சிரித்தான்.

இப்போது ராக்காயி உருவிய காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் ஓரத்தில் அடுக்கினாள்.

"ஒண்ணு செஞ்சேன்," என்றாள். "அது பலிக்கல. பலிக்காததச் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு இருந்துட்டேன்."

"என்ன செஞ்சீக?"

"வெடிச்ச அன்னைக்குக் காலையில பஸ்ஸுக்குப் போறவனைக் கூப்பிட்டேன். மொத நாளுதான் பக்கத்துக் கம்பெனியில ஒரு பிள்ளைக்குக் கையில தீப்பட்டிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. கோயில்ல வச்சு வாங்குன கயித்த அவன் இடுப்புல கட்டி விட்டேன். வேணாம்மா, வாணிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான்னான். நான் அழுதேன். சரி, சாயங்காலம் வந்து நானே அவகிட்டச் சொல்லிக்கிறேன்னு கட்டிக்கிட்டுப் போனான். காக்கும்னு கட்டுனேன். காக்கல."

இசைவாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஆஸ்பத்திரிப் பிண அறை நினைவுக்கு வந்தது.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். செல்போன், மோதிரம், செயின், இடுப்பு பெல்ட், சட்டைப் பையிலிருக்கும் சாவி வரைக்கும். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து. நூல் கயிறு மட்டும்தான் உடம்போடு உள்ளே போகும். அதனால், உள்ளே வெடித்துப் போகிறவனிடம் இன்னார் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்று மருந்து அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். செழியனும், கூட வேலை பார்த்த தாயில்பட்டிக்காரன் ஊர்க்காவலன் என்பவனும். ஒரே உயரம், ஒரே வாகு. அந்தக் கோலத்தில் முகம் என்று ஒன்று இல்லை. ஒரு உடம்பின் இடுப்பில் மட்டும் கறுப்புக் கயிறு தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்னொன்றில் இல்லை.

"மதுரைக்கு அனுப்பி டெஸ்ட் பாக்கணும்னா நாளாகும்," என்றார் போலீஸ்காரர். "ஒங்களால அடையாளம் சொல்ல முடியுமா?"

அவள் தெளிவாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு அரைஞாண் கிடையாது. நாங்க கிறிஸ்தவங்க." கூட வந்திருந்த கொழுந்தன் விக்னேஷ்குமார் ஆமாம் என்று தலையாட்டினான். ஊர்க்காவலன் வீட்டிலிருந்து வந்திருந்த மைத்துனன் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இதுதான் எங்க மச்சான்," என்று தேம்பினான். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கயிறு இல்லாத உடம்பு வெள்ளைத் துணியில் ஆமத்தூருக்கு வந்து ஜெபத்தோடு மண்ணுக்குள் போனது. கயிறு கட்டிய உடம்பு தாயில்பட்டிக்குப் போய் எரிந்தது.

ராக்காயி அன்று ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அடையாளம் எதை வைத்துச் சொன்னார்கள் என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

"ஏன் இப்படி வெளுத்துப் போன?" என்றாள் ராக்காயி. "திட்டணும்னா திட்டு."

"இல்ல அத்தை," என்று இசைவாணி எழுந்தாள். பெற்றவளிடம் போய், உன் பிள்ளையை நான் யாரோ என்று அனுப்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் சாயங்காலம் வாசலில் வெளிச்சம் குறைந்தபோது அவள் அடுப்படிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். இதுவரைக்கும் பயம் இருந்தாலும் அதற்குள் ஒரு ஆசையும் இருந்தது. என்ன இருந்தாலும் செழியன்தானே என்று. இப்போது அந்த ஆசை போய்விட்டது. கதவுச் சந்தில் தெரிந்த தோளைப் பார்த்தாள். அது அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய தோள்தானா? இத்தனை மாதமும் யாருக்கு அழுதோம்? யார் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினோம்?

பாஸ்டரிடம் மறுபடி போனாள். பட்டும் படாமலும் கேட்டாள். "ஐயா, விசுவாசி ஒருத்தர் பெத்தவங்க மனசுக்காகக் கயிறு கட்டிக்கிட்டாருன்னு வைங்க. அதோடயே போய்ச் சேந்துட்டாரு. அவருக்கு அந்த வீடு உண்டா?"

"கயிறு சின்ன விசயம் இல்லம்மா," என்றார் ஞானமுத்து முதலில். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆனா வீட்டுக்காரர் நான் இல்ல. கதவத் தொறக்குறவர் இருதயத்தப் பாக்குறவரு," என்றார்.

ஆறுதலா, இல்லையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. செழியனே அந்தப் பதிலைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். வாய்தான் பெரிதே தவிர, தப்புச் செய்துவிட்டால் பள்ளிப்பிள்ளை மாதிரி வெளியிலேயே நின்றுவிடுகிறவன் அவன். ஒருமுறை சபைக்கு நேரம் கழித்து வந்தவன், பாட்டு முடிந்து பிரசங்கம் முடியும் வரைக்கும் வேப்பமரத்தடியிலேயே நின்றான். "எல்லாரும் திரும்பிப் பாப்பாகல்ல," என்றான். அங்கேயும் அப்படித்தான் எங்காவது நிற்கிறானோ? கயிற்றோடு எப்படி உள்ளே போவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு? அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அச்சாபீசில் லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வேலிக்காத்தான் மர நிழலில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் வந்தாள். அவள் வயதுதான் இருக்கும். கையில் மஞ்சப்பை. நாலாபக்கமும் பார்த்துவிட்டு நேராகச் செழியன் பெயர் எழுதிய சிலுவைக்கு முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, பையிலிருந்து இலையை எடுத்தாள்.

இசைவாணி எழுந்து போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரமாக மயங்கிக் கிடந்த முகம் அது, ஊர்க்காவலனின் மனைவி.

"பானுப்பிரியாதானே நீ?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். இலையிலிருந்து காராச்சேவு மண்ணில் சிதறியது. ஓடிவிடுவாளோ என்று தோன்றியது. ஓடவில்லை.

"மன்னிச்சுக்கோங்கக்கா," என்றாள். "அவருக்கு இதுன்னா உசுரு. சாத்தூர் போனா இதத்தான் வாங்கிட்டு வருவாரு."

இசைவாணி குனிந்து, மண்ணில் சிதறிய சேவைப் பொறுக்கி இலையில் போட்டாள்.

"உடம்பு மாறிப் போனது உனக்குத் தெரியுமா?" என்றாள் இசைவாணி.

"தெரியும்க்கா. மொத நாள் குளிக்கையில அவரு அரைஞாண் அறுந்து போச்சு. வெள்ளிக்கெழமை சந்தையில புதுசு வாங்கிக்கிறேன்னாரு. ஆஸ்பத்திரியில நான் சுயநெனவுல இல்ல. கையெழுத்துப் போட்டது எங்க அண்ணன். எல்லாம் முடிஞ்சு சாம்பல ராமேஸ்வரத்துல கரைச்சுட்டு வந்த பெறகுதான், கயித்த வச்சுத்தான் அடையாளம் கண்டேன்னு அவன் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு."

"ஏன் என்கிட்ட வந்து சொல்லல?"

"எப்படிக்கா சொல்லுவேன்? ஒங்க ஆளுகள எரிக்க மாட்டீகளாம்ல. கடைசி நாள்ல உடம்போட எந்திரிக்கணுமாம்ல. எங்க தெருவுல ஒரு அக்கா சொன்னாக." பானுப்பிரியா இலையைச் சிலுவைக்கு முன்னால் வைத்தாள். "நான் ஒங்க வீட்டுக்காரர எரிச்சுக் கடல்ல விட்டுட்டேன். அத எந்த வாயால சொல்ல?"

அதைக் கேட்டதும் இசைவாணிக்கு என்னவோ அவளைத் தேற்ற வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. "மண்ணுல வச்சாலும் ஒண்ணும் மிஞ்சாது பானு. ஆண்டவர் மறுபடி குடுக்குறது இந்த உடம்ப இல்ல, வேற உடம்பு. கடலும் தன்கிட்ட இருக்குறவுகளத் திருப்பிக் குடுக்கும்னு எங்க சபையில சொல்லுவாக." சொல்லச் சொல்ல, தானே அதை இன்றுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது.

"அப்ப ஏன்க்கா அவரு இன்னும் போகல?"

"யாரு?"

பானுப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுல ஒருத்தரு இருமுறாரு. பொழுது சாஞ்சதும் உள் ரூம்புல. வறட்டு இருமல். எம்புருசனுக்கு அப்படி இருமல் கெடையாது. இருமி முடிச்சதும் ஸ்தோத்திரம்னு முனகுறாரு. எங்க வீட்டுல யாருக்கா ஸ்தோத்திரம் சொல்லுவா?"

இசைவாணி சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து அறைத் தூசியில் செழியனுக்கு வந்த இருமல் அது. முன்னெல்லாம் இருமி முடித்து முருகா என்பான். ஞானஸ்நானத்துக்குப் பிறகு, பழக்கத்தில் முருகா என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் என்று முடிப்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"என் வீட்டுக்கும் ஒருத்தர் வர்றாரு," என்றாள் மெல்ல. "தொட்டிகிட்ட நிக்கிறாரு. ஒண்ணுமே பேச மாட்டேங்குறாரு."

"அவரேதான்," என்று பானுப்பிரியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "வேத்தாள் வீட்டுக்குப் போனா அவரு அப்படித்தான்க்கா. உள்ள இருக்குறவுக பாத்து வாங்கன்னு சொல்லுற வரைக்கும் வாசல்லயே நிப்பாரு. எங்க கல்யாணத்துக்கு மறுநாள் எங்கம்மா வீட்டுலயே அப்படித்தான் நின்னாரு. கூச்ச சுபாவம்." அழுகையோடு அழுகையாக ஒரு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "நீங்க கூப்பிடலல்ல?"

"நான் கதவச் சாத்திக்கிட்டேன்."

அழுது ஓய்ந்ததும் யோசனை சொன்னது பானுப்பிரியாதான். வீட்டுச் சாவியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்டினாள். "இன்னைக்கு ஒரு பொழுது நீங்க என் வீட்டுக்குப் போங்க. நான் ஒங்க வீட்டுல இருக்கேன். எம்மக பாண்டிலட்சுமி பள்ளிக்கூடம் விட்டுப் பக்கத்து வீட்டுல இருப்பா. அவளக் கூட்டிட்டு உள்ள போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

இசைவாணி தயங்கினாள். இது பாவம், செத்தவர்களோடு பேசக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். பாஸ்டர் கேள்விப்பட்டால் சபை நடுவில் நிறுத்தி ஜெபிப்பார். ஆனால் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்து நிற்கிற ஒருவனை உள்ளே போ என்று சொல்ல, அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? தன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"தொட்டிகிட்ட செம்பு இருக்கும்," என்றாள்.

சிவகாசியில் பஸ் மாறி, பட்டாசு லோடு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அவள் தாயில்பட்டியில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாண்டிலட்சுமிக்கு ஆறு வயது இருக்கலாம். யார், என்ன என்று எதுவும் கேட்காமல் இசைவாணியின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு முன் அறை, ஒரு உள் அறை. சுவரில் மாலை போட்ட படத்தில் ஊர்க்காவலன், கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். இசைவாணி விளக்கைப் போட்டாள். பிள்ளை நோட்டை விரித்துப் படம் வரைய உட்கார்ந்தது. ஜன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டே வந்தது.

உள் அறையில் இருமல் கேட்டது.

இரண்டு வறட்டு இருமல். கொஞ்சம் இடைவெளி. தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம், மிகவும் மெல்ல, ஸ்தோத்திரம்.

பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இசைவாணி எழுந்து போய் உள் அறை நிலையில் சாய்ந்து நின்றாள். உள்ளே மூட்டைகள், ஒரு கட்டில், மடித்த பாய்கள். யாரும் இல்லை. ஆனால் கட்டிலோரத்து இருட்டிலிருந்து ஈர மண்ணும் மருந்துமாக அவளுக்குத் தெரிந்த வாசனை வந்தது.

"ஏங்க," என்றாள். "நான் வாணி."

வாசனை இன்னும் அருகில் வந்த மாதிரி இருந்தது.

"தப்பு என் மேல. அடையாளம் தெரியாம ஒங்கள விட்டுட்டேன். அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாக. கயிறு கட்டுனதுக்கு நான் சங்கடப்படல. பெத்தவ அழுதா நானும் கட்டிக்கிட்டுத்தான் போயிருப்பேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இது நம்ம வீடு இல்லங்க. என் வீடும் ஒங்களுக்கு இனிமே இல்ல. போங்க. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக. அந்தக் கயிறு இருந்த உடம்புதான் கடலோட போயிருச்சே. புதுசுல அது இருக்காது. வெளியில நிக்காதீக. உள்ள போங்க."

இருட்டு அசையவில்லை. அவள் காத்திருந்தாள். "வாணி" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போகமாட்டானா என்று உடம்பெல்லாம் காதாக நின்றாள். கூப்பிட்டால் போகவிட மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, வெறும் சாக்கு மூட்டையின் வாசனையாகிவிட்டது.

அவள் அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்தாள். செல்போன் அடித்தது. பானுப்பிரியா.

"வந்தாருக்கா," என்றாள் மூச்சிறைக்க. "வாங்கன்னு கூப்பிட்டேன். தண்ணி ஊத்துனேன். தரையெல்லாம் வெள்ளியா ஓடுதுக்கா. ஓடையில இன்னும் மினுங்குது." அவள் அழுதாள். பிறகு, "ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"போயிட்டாரு," என்றாள் இசைவாணி.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவள் மேல் இறங்கியது. இனிச் சாயங்காலங்களில் பயம் இருக்காது. யாரும் நிற்க மாட்டார்கள். உள் அறையைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை இருமினால் போதும் என்று இருந்தது.

பாண்டிலட்சுமி நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் உள் அறை இருட்டையே கவனித்தாள்.

"இருமுற மாமா எங்க?"

"அவருக்கு வேற வீடு இருக்குல்ல. அங்க போயிட்டாரு."

"பெரிய வீடா?"

"பெரிய வீடுதான்."

"நீங்க பாத்திருக்கீகளா?"

இசைவாணி பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இல்லத்தா," என்றாள். "நான் இன்னும் பாக்கல."

பிள்ளை அதை ஒத்துக்கொண்டது போலத் தலையாட்டிவிட்டு, இருட்டுப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படம் வரையத் தொடங்கியது.